முப்பத்தொன்றாம் பொருள்

மாமன்றக் கூட்டத்தின் பொருள் பட்டியல் எப்போதும் சுடலைமுத்துவின் கைக்குத்தான் வரும். அதைக் கொண்டுவருகிற மாநகராட்சி ஊழியர் சென்னப்பன், தெருமுனையில் வண்டியை நிறுத்தி, "சார் வூட்டுல இருக்கறீங்களா?" என்று போன் போட்டுக் கேட்ட பிறகுதான் வாசலுக்கு வருவார். தேர்தலில் நின்றது, ஜெயித்தது, மாமன்றத்தில் நாற்காலி போட்டு உட்காருவது எல்லாம் அவன் பெண்டாட்டி பொற்கொடி. ஆனாலும் பட்டியல் சாருக்குத்தான். தை மாதம், பொங்கல் கழிந்த வாரம், சுடலைமுத்துவுக்கு முதல் ஷிப்ட். சென்னப்பன் போன் போட்டபோது அவன் சிஎன்சி மிஷினுக்கு முன்னால் நின்றிருந்தான். போன் கம்பெனி லாக்கரில் கிடந்தது. மூன்று தடவை அடித்துப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் சென்னப்பன் பட்டியலைக் கவுன்சிலரிடமே கொடுத்துவிட்டுப் போனார். ஊரில் பெரிய காரியங்கள் பலவும் இப்படி யாரோ போன் எடுக்காமல் போவதால்தான் நடக்கின்றன.

பொற்கொடி அப்போது இட்லி மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கவுன்சிலர் ஆவதற்கு முன்னாலிருந்தே அவளுக்கு மாவு வியாபாரம். சுற்றியுள்ள லைன் வீடுகளில் பாதிப்பேர் தென்மாவட்டத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். கோவில்பட்டிப் பக்கம் சாயங்காலம் கரைத்து வைத்த மாவு விடிவதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். மாநில எல்லையோரத்து இந்த ஊர்க் குளிரில் கம்பளி போர்த்திப் படுக்க வைத்தாலும் அசைய மாட்டேன் என்னும். மாவு புளிக்காவிட்டாலும் கவுன்சிலரிடம்தான் புகார். அதுவும் மாநகராட்சியின் பொறுப்பு என்று சனங்கள் நினைத்தார்களோ என்னவோ.

நினைத்தாலும் தப்பில்லை. பிறந்ததைப் பதிவதும் செத்ததை எரிப்பதும், நடுவில் இருக்கிற நாளெல்லாம் தண்ணீர் விடுவதும் குப்பை அள்ளுவதும் மாநகராட்சிதான். தெருவிளக்கு, சாக்கடை, நாய், கொசு, ரேஷன் கடைக்குப் போகிற வழியில் விழுந்த குழி, எல்லாம் வார்டு உறுப்பினர் தலையில்தான் விடியும். அதிலெல்லாம் பொற்கொடிக்குச் சலிப்பே கிடையாது. தண்ணீர் என்ற பேச்சு வந்தால் மட்டும் தலை கவிழ்ந்துவிடும். அவள் வார்டுக்கு ஒன்பது நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். வாக்குக் கேட்டுப் போனபோது அவள் வாயிலிருந்து வந்த ஒரே வாக்குறுதி, பூங்காவுக்கென்று விட்டு பார்த்தீனியம் மண்டிக் கிடக்கிற இடத்தில் ஆறு லட்சம் லிட்டர் மேல்நிலைத் தொட்டி. மூன்று வருடம் நடையாய் நடந்து, திட்டம் போட்டு, மேலே இருந்து அனுமதியும் வந்துவிட்டது. பூமி பூஜைதான் பாக்கி.

கிரைண்டர் ஓடட்டும் என்று அவள் பட்டியலைப் புரட்டினாள். நாற்பத்து மூன்று பொருள்கள். முப்பத்தொன்றாவதில் தன் வார்டு எண்ணைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

'மேற்படி பூங்கா இடத்தில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி அமைப்பதற்குப் பொதுமக்கள் ஆட்சேபம் தெரிவிப்பதாலும், அதனைப் புறவழிச்சாலை அருகே அமைந்துள்ள புதிய மனைப்பிரிவில் அமைத்துத் தருமாறு வார்டு உறுப்பினர் தமது கடிதத்தில் கோரியுள்ளதாலும், இடமாற்றம் செய்வது குறித்து மாமன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது.'

மூன்று தடவை படித்தாள். பின்னிணைப்பில் கடிதத்தின் நகலும் இருந்தது. அவளுடைய லெட்டர் பேடு. அடியில் அவளுடைய கையெழுத்து. 'கொடி'யின் சுழியைக் கொஞ்சம் நீட்டிப் போடுகிற அவளுடைய கையெழுத்தேதான். மேலே டைப் அடித்திருந்த ஒரு வார்த்தையும் அவளுடையது இல்லை.

"கொடியக்கா, ரெண்டு பாக்கெட் மாவு" என்று வாசலில் குரல். எதிர் லைனில் இருக்கிற ரஞ்சிதா. செல்போன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து, ஸ்வெட்டரைக் கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"இன்னிக்கி தண்ணி வுட்டாங்களாமே, நான் கம்பெனி பஸ்ல வந்துட்டிருந்தேங்க்கா. மறுபடி ஒம்பது நாளு. போன தடவையும் இதே மாதிரிதான். ஆக மொத்தம் பதினெட்டு நாளு டிரம்முல வெறும் சத்தந்தான் இருக்குது. தொட்டி எப்பக்கா கட்டுவாங்க?"

பொற்கொடி பட்டியலைக் கவிழ்த்து வைத்தாள். மாவுப் பொட்டலத்தோடு தன் டிரம்மிலிருந்து இரண்டு குடம் தண்ணீரும் கொடுத்து அனுப்பினாள். கிரைண்டர் சும்மா சுற்றிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தாள்.

நடந்தது என்னவென்று யோசிக்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஜெயித்த மறுநாளே சுடலைமுத்து லெட்டர் பேடு அடித்துக்கொண்டு வந்தான். அவள் படம் தபால்தலை அளவில். 'தொடர்புக்கு' என்று அவன் பெயரும் நம்பரும் தடித்த எழுத்தில். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, விளக்கேற்றின கையோடு, அந்தப் பேடின் இருபது வெற்றுத் தாளில் அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவாள். யார் எப்போது எதற்குக் கடிதம் கேட்பார்களோ, ஒவ்வொரு தடவையும் ஓடிவர முடியுமா என்பது அவன் வாதம். இது அவர்கள் வீட்டு வழக்கம் மட்டுமல்ல. மாமன்றத்தில் சரிபாதி பெண்கள். அந்தச் சரிபாதிப் பேருக்கும் வீட்டில் ஒரு சார் உண்டு. அந்தச் சார்களின் பையில் ஒரு கட்டு காலிப் பேடும் உண்டு.

மூன்று மணிக்கு வந்த சுடலைமுத்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பதில் பட்டியல் திறந்து கிடப்பதைப் பார்த்தான்.

"இது யாரு எழுதினதுங்க?" என்றாள் பொற்கொடி.

அவன் நின்றபடியே படித்தான். ஆயில் கறை படிந்த விரல் வரி வரியாக நகர்ந்து கடைசியில் நின்றுவிட்டது.

"ஹரீஷ்குமார்..." என்றான்.

"யாரு, அந்த பைபாஸ் லேஅவுட்டுக்காரரா?"

"தெருவிளக்குக்கு லெட்டர் வேணும், நானே டைப் அடிச்சு மண்டல ஆபீஸ்ல குடுத்து முடிச்சிருதேன்னான். நீ கையெழுத்துப் போட்ட பேடுல மூணு தாளு குடுத்தேன். விளக்கு வந்துச்சுல்லா கொடி, மேலத்தெரு பூரா விளக்கு வந்துச்சுல்லா."

"விளக்குக்கு ஒண்ணு. தொட்டிக்கு ஒண்ணு. மூணாவது எதுக்காம்?"

"அது இன்னும் அவன்ட்டதான் இருக்கு." மனையில் தண்ணீர்த் தொட்டி நின்றால் மனை என்ன விலைக்குப் போகும் என்று இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். சுடலைமுத்து கெட்டவன் இல்லை. ஷிப்ட் முடிந்து வந்து, சட்டை கூட மாற்றாமல், எவன் வீட்டுச் சாவுக்கோ சுடுகாட்டில் வரிசை சொல்லி வைக்க ஓடுகிறவன்தான். ஆனால் 'கவுன்சிலர் சார்' என்று ஒருவன் தோளில் கை போட்டுவிட்டால் அவனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். உச்சி குளிர்ந்தவனுக்குப் பையில் என்ன இருக்கிறதென்று நினைப்பு இருக்காது.

"நான் ஹரீஷ்ட்ட பேசுதேன். நீ வெள்ளிக்கிழமை கூட்டத்துல ஒண்ணும் சொல்லிராத."

"சொல்லாம இருந்தா ஆல்பாஸ் ஆயிரும்."

"சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? கையெழுத்து ஒன்னுது. வெறுந்தாள்ல போட்டுக் குடுத்தேன்னு சபையில சொல்லுவியா? ஊரே சிரிக்கும். பதவிக்கே வேட்டு வச்சிருவானுவ."

"போனாப் போகுது. போறதுக்கு முன்ன தொட்டி நம்ம எடத்துல நிக்கட்டும்."

"கொடி, ஆம்பள நான் அசிங்கப்படுவேன்."

"நான் படப்போறது அசிங்கம் இல்லாம சந்தனமாங்க?" என்றாள் பொற்கொடி. கோபத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "கண்ண மூடிட்டுக் கையெழுத்துப் போட்டது நானுல்லா. ரஞ்சிதா இங்க நின்னு தொட்டி எப்பக்கான்னு கேக்கா, எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. ஒங்க அசிங்கத்தையும் சேத்து நானே சொமந்துக்கிடுதேன், சாப்பிடுங்க."

அன்று சாயங்காலம் பக்கத்து வார்டு சரோஜம்மாள் வீட்டுக்குப் போனாள். சரோஜம்மாளும் மாமன்ற உறுப்பினர்தான். ஒரு காலத்தில் ராயக்கோட்டை மண்டிக்கு வண்டி வண்டியாய்த் தக்காளி அனுப்பின குடும்பம். இப்போது நிலத்தில் பாதி கம்பெனி, கால்வாசி ரோடு. வாசலில் உட்கார்ந்து, ஊறவைத்த அவரைக்கொட்டையை இரண்டு விரலால் அழுத்திப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம் தெறித்தது.

"ரா தல்லி, கூர்ச்சோ, உக்காரு தாயி. பனியில வந்திருக்கற, காதக் கட்டிக்கினு வர்றதில்லயா?"

பொற்கொடி உட்கார்ந்து அவளும் ஒரு கை அவரை அள்ளிப் பிதுக்கத் தொடங்கினாள். பிதுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சரோஜம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எம் பேடும் மணிவேல்கிட்டதாம்மா இருக்குது" என்றாள் கடைசியில். மணிவேல் அவள் மகன். "அதுல என்னா எழுதறான், யாருக்குக் குடுக்கறான், எனக்கெப்படித் தெரியும்? கேட்டா, உனக்கெதுக்கும்மா, நீ வந்து கையத் தூக்கு போதும்ங்கறான்."

"நாளான்னைக்கு நான் எந்திச்சுப் பேசப் போறேங்க்கா. வழிமொழிய ஒரு ஆளு வேணும். இல்லன்னா ஒத்தையா நிப்பேன்."

"அய்யோ ராமா, என்ன இழுக்காத. மவனுக்குக் கோவம் வந்தா மூணு நாளு சோறு தின்னமாட்டான்."

"தின்னாட்டி பசிக்கும், தானா வருவாரு."

சரோஜம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சரி என்று சொல்லவில்லை. எழுந்து போய்ச் சூடாக இரண்டு உருண்டை களியும், கொதித்துக்கொண்டிருந்த பிதுக்கம்பருப்புக் குழம்பும் கொண்டு வந்து வைத்தாள். "மொதல்ல சாப்பிடு. வாக்கு எல்லாம் என்னால குடுக்க முடியாது. சாப்பாடு குடுக்கறேன்." பொற்கொடிக்கு இத்தனை வருடத்தில் களி விழுங்கப் பழகவில்லை, அன்றைக்கு இரண்டு உருண்டையும் இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து, பீரோவுக்கு மேலே கிடந்த பகுதி சபைப் பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டினாள். புரட்டாசியில் தெருவில் கூட்டம் போட்டு, தொட்டி பூங்கா இடத்திலேயே வேண்டுமென்று நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டது அதில் இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கும் மாநகராட்சி அலுவலகத்தின் மேல் பனி விலகவில்லை. மாமன்ற அறைக்குள் உறுப்பினர்களுக்கும் அதிகாரிகளுக்கும்தான் இடம். சார்களெல்லாம் வராந்தாவில், ஒலிபெருக்கிக்குக் கீழே, கையில் டீ கிளாஸோடு நின்றிருந்தார்கள். மாமன்றத்துக்கு வெளியே ஒரு மாமன்றம். அதற்கு மேயரும் இல்லை, மணியும் இல்லை, டீ மட்டும் உண்டு.

மேயரம்மா மணி அடித்தார். மன்றச் செயலர் பொருள் எண்ணை மட்டும் வாசித்தார். "ஒன்று." "ஆல்பாஸ்" என்று முன்வரிசை. "இரண்டு." "ஆல்பாஸ்." பத்து வந்ததும் செயலர் மூச்சு வாங்க நிறுத்தினார். இருபதுக்கு மேல் "ஆல்பாஸ்" என்று சொல்கிறவர்களுக்கே சலித்துப்போய், "பாஸ், பாஸ்" என்று சுருக்கிவிட்டார்கள். பொற்கொடி மடியில் பதிவேட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"முப்பத்தொன்று."

"பாஸ்."

"இல்லைங்க" என்று எழுந்தாள். மைக் அணைந்திருந்தது. அதனால் தெருவில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் கூப்பிடுகிற குரலில் சொன்னாள்: "முப்பத்தொண்ணு பாஸ் இல்லைங்க. வாசிக்கச் சொல்லுங்க."

செயலர் மேயரம்மாவைப் பார்த்தார். மேயரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "என்னம்மா, நீங்க குடுத்த லெட்டர்தானே? உங்க கையெழுத்துதானே இது?"

"கையெழுத்து என்னுதுதாங்கம்மா. லெட்டர் என்னுது இல்லை."

சிரிப்பு எழுந்தது. மைக்கை யாரோ போட்டுவிட்டார்கள். அவள் மூச்சு வாங்குவது வராந்தா வரைக்கும் கேட்டது.

"வெறுந்தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். மாசம் இருபது தாளு. நான் செஞ்சது தப்பு, பெரிய தப்பு. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கிடுதேன். ஆனா எங்க வார்டுல தொட்டிக்கு ஒருத்தரும் ஆட்சேபம் சொல்லல. இது பகுதி சபைப் பதிவேடு. நூத்திப் பன்னண்டு பேரு வேணும்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. எழுதினத வாசிச்சுக் காட்டினபெறகு போட்ட கையெழுத்து. என் கையெழுத்தை விட இதுக்கு மதிப்பு ஜாஸ்திங்க."

முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பினார். "அப்ப இந்த மூணு வருசமா இந்த வார்டுக்கு யாருங்க கவுன்சிலரு?"

"இத மூணு வருசம் முன்னயே கேட்டிருந்தீங்கன்னா நல்லா இருந்திருக்கும்ணே, உக்காருங்க" என்றாள் பொற்கொடி. இந்தத் தடவை சிரிப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது.

"யாராவது வழிமொழியறீங்களா?" என்றார் மேயரம்மா.

ஒருவரும் எழவில்லை. ஒத்தையாக நின்றாலும் உட்காருவதில்லை என்று பொற்கொடி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது மூன்றாவது வரிசையில் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"நான் வழிமொழியறேன்" என்றாள் சரோஜம்மாள். "நானும் அப்படித்தாம்மா, வெறும் பேடுலதான் போட்டுக் குடுத்துட்டிருக்கறேன். எம் மவன் வெளிய நின்னு கேட்டுட்டிருக்கறான், கேக்கட்டும். அந்தப் பேடுல என்னா எழுதியிருக்கறானோ, அது என்னுது இல்ல. இனிமே எழுதறதுதான் என்னுது."

வராந்தாவில் ஒரு டீ கிளாஸ் கீழே விழுந்தது.

பின்வரிசையில் இன்னொருத்தி எழுந்தாள். "நானும்." அவள் கன்னடக்காரி, தமிழில் அதற்கு மேல் சொல்ல வரவில்லை, தேவையும் இல்லை. அவளுக்குப் பக்கத்தில் இரண்டு பேர். ஜன்னலோரம் கைக்குழந்தையோடு வந்திருந்த ஒருத்தி, குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள். பட்டுப் புடவை, காட்டன் புடவை, சுடிதார் என்று ஒவ்வொன்றாக எழுந்து, பெண்கள் இருந்த வரிசையெல்லாம் நின்றது. யாரும் கூப்பிடவில்லை, யாரும் முன்கூட்டிப் பேசி வைக்கவுமில்லை. ஒரே நோக்காடு அத்தனை வீட்டிலும் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மேயரம்மா மேஜைமேல் இருந்த தன்னுடைய லெட்டர் பேடை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு ஆணையாளர் பக்கம் குனிந்து என்னவோ கேட்டார். ஆணையாளர் எழுந்து, சம்பந்தப்பட்ட உறுப்பினரே கடிதத்தை மறுப்பதாலும், பகுதி சபைத் தீர்மானம் பதிவில் இருப்பதாலும், மன்றம் விரும்பினால் இப்பொருளை நிராகரித்து முந்தைய இடத்தையே உறுதிசெய்யலாம், கடிதம் வந்த விதத்தைத் தனியாக விசாரிக்கலாம் என்றார்.

"நிராகரிக்கலாம்ங்கறவங்க கை தூக்குங்க."

செயலர் எண்ணத் தொடங்கினார். முப்பது தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டு, "எதிர்ப்பவர்கள்?" என்றார். இரண்டு கை எழுந்தது. அதிலொன்று பக்கத்தில் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கிவிட்டது.

பொற்கொடி உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். அன்றைக்கு மிச்சமிருந்த பன்னிரண்டு பொருளையும் செயலர் ஒரு எழுத்து விடாமல் வாசிக்க வேண்டியதாயிற்று. ஒவ்வொன்றுக்கும் ஏதாவதொரு பெண் கை தூக்கி, "அதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று கேட்டாள். கூட்டம் முடிய மணி மூன்றாகிவிட்டது. அதிகாரிகளுக்கு வாங்கி வைத்த மதியச் சாப்பாடு ஆறிப்போனது.

வராந்தாவில் சார்கள் கூட்டம் கலைந்திருந்தது. சுடலைமுத்து மட்டும் தூணோரம் நின்றிருந்தான். கையிலிருந்த போன் 'ஹரீஷ்குமார்' என்று காட்டி அடித்து அடித்து ஓய்ந்தது, அவன் எடுக்கவில்லை. பையைத் திறந்து ஒரு கட்டுத் தாளை அவளிடம் நீட்டினான்.

"பதினோரு தாளு மிச்சம் இருக்கு. எண்ணிப் பாத்துக்க."

"ஹரீஷ்ட்ட இருக்க மூணாவது தாளு செல்லாதுன்னு ஆணையாளர்ட்ட எழுதிக் குடுத்துட்டேன். நானே எழுதி."

"நல்லதுதான். உள்ள பேசினது எல்லாத்தையும் கேட்டுட்டுதான் நின்னேன்." போனை அணைத்துப் பைக்குள் போட்டான். "மொதல்ல ஓடிப் போயிரலாமான்னு இருந்துச்சு கொடி. சரோஜம்மா எந்திச்சதும் கைதட்டிட்டேன். மணிவேல் என்னைய மொறைச்சான்."

"மொறைக்கட்டும். காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடல. டீ வாங்கித் தாங்க."

"வடையும் வாங்குதேன்" என்று சுடலைமுத்து முன்னால் நடந்தான்.

அடுத்த புதன்கிழமை உதவிப் பொறியாளர் இரண்டு ஆட்களோடும் அளவு டேப்போடும் பூங்கா இடத்துக்கு வந்தார். லைன் வீட்டுப் பெண்கள் விடியற்காலையிலேயே பார்த்தீனியத்தைப் பிடுங்கி, உடைந்த செங்கல்லைக் கூட்டி ஓரம் தள்ளியிருந்தார்கள். ஷிப்ட் முடித்து வந்தவர்கள் தூங்கப் போகவில்லை, ஷிப்டுக்குப் போகிறவர்கள் பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படவில்லை. பக்கத்து வார்டிலிருந்து சரோஜம்மாளும் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கூடவே, ஒன்றும் பேசாமல், மணிவேலும்.

பொறியாளர் நடுவில் ஆணி அடித்துக் கயிறு கட்டினார். வட்டம் போடச் சுண்ணாம்புப் பவுடர் தேடினால், ஆட்கள் அதை ஆபீசிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

"போயி எடுத்துட்டு வந்துர்றோம் சார்."

"எதுக்குங்க, கோலமாவு இருக்குது" என்று ரஞ்சிதா ஓடினாள். ஒரு டப்பா கேட்டால் பதினைந்து டப்பா வந்தது.

கயிற்றின் நுனியைப் பொறியாளர் நீட்ட, பொற்கொடி வாங்கிக்கொண்டாள். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் மாவு. குனிந்து, பின்னால் நடந்து, விரலிடுக்கில் வெள்ளைக் கோடு விழ விழ அவள் சுற்றி வந்தாள். பிள்ளைகள் கோட்டுக்கு உள்ளே போய் நின்றுகொண்டு, தண்ணீர் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று அண்ணாந்து பார்த்தார்கள். பனி கலைந்து வெயில் மேலே பட்டது. அவளுக்கு மனசு நிறைந்திருந்தது.

"இன்னும் ரெண்டடி தள்ளிப் போடு தல்லி, பெருசா வரட்டும்" என்றாள் சரோஜம்மாள்.

"தொட்டி ப்ளான்ல இருக்கற அளவுலதான்ம்மா வரும்" என்றார் பொறியாளர் பதறிப்போய்.

"தொட்டி அளவா வரட்டுங்க சார். கோலமாவது பெருசா வரட்டுமே" என்றாள் சரோஜம்மாள்.

பொற்கொடி கயிற்றைத் தளர்த்தி, முதல் வட்டத்துக்கு இரண்டடி தள்ளியே மாவைப் போட்டாள்.